எட்டடி தூரத்தில் புலி! ரயிலடிக் காண்டிராக்டர் ஜிம் கார்பெட்டின் கதை

பாலராமபுரத்தில் கைத்தறி வேட்டி, புடவை கொள்முதல் செய்ய வரும் பெரிய வியாபாரிகள் சிலர் சட்டைப் பையில் மடக்கி வைக்கும் சிறு பூதக்கண்ணாடி ஒன்றை வைத்திருப்பதுண்டு. துணியின் மேல் அதை வைத்துப் பார்த்தால் ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணி விடலாம். இழை ஒவ்வொன்றும் கயிறு போலத் தெரியும். ஆனால் அந்த ஓர் அங்குலத்துக்கு வெளியே புடவையில் கறை இருந்தாலும் கிழிசல் இருந்தாலும் கண்ணாடியில் தெரியாது. பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி, காட்டும் இடத்தைச் சுருக்கி விடுகிறது.

வியாபாரிக்கு இதனால் நஷ்டம் ஏற்பட்டால் ஒரு புடவையோடு போகும். காட்டில் புலியைத் தேடிப் போகிறவனுக்கு இதே கணக்கு உயிர்க் கணக்கு. துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி பொருத்தலாமா, பொருத்தினால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுவது நல்லது என்று வேட்டைக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடி வருகிறார்கள். இந்த வாதத்தில் கலந்து கொள்ளாமலே தன் வாழ்க்கையால் பதில் சொன்னவர் ஒருவர் உண்டு. பல ஆண்டுகள் ரயிலடியில் மூட்டை இறக்கும் காண்டிராக்டராக இருந்தவர். அவர்தான் ஜிம் கார்பெட்.

போஸ்ட் மாஸ்டரின் மகன்

1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி இமயமலைச் சாரலில் உள்ள நைனிடால் ஊரில் கார்பெட் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வெள்ளைக்காரக் குடும்பம்தான்; ஆனாலும் சீமையிலிருந்து வந்து இறங்கிய அதிகார வர்க்கம் அல்ல. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே சம்பளம் வாங்கிப் பிழைத்த நடுத்தரக் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு ஆறு வயது நிறையும் முன் தகப்பனார் இறந்து விட்டார். தாயார் மேரி ஜேன் குடும்பத்தைத் தனியாக இழுத்துச் சென்றார்.

கோடையில் நைனிடாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கியிலும் குடும்பம் வசிக்கும். காலாதுங்கி வீட்டைச் சுற்றிக் காடு. கவண், பிறகு வில், பிறகு பழைய துப்பாக்கி என்று சிறுவன் படிப்படியாகக் கற்றான். அவன் கைக்கு வந்த முதல் துப்பாக்கி, குழல் வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி. அதிலும் ஒரு குழல் கெட்டுப் போனது. நல்ல குழல் ஒன்றை வைத்துக் கொண்டு, ஒரு தடவை சுட்டால் மறுபடி கிட்டிக்க நேரம் பிடிக்கும் என்ற நிலையில், தவறாமல் சுடும் பழக்கம் அப்போதே வந்து விட்டது. மருந்தை வீணாக்க வீட்டில் வசதி இல்லை.

காட்டில் எந்தப் பறவை எதற்காகக் கத்துகிறது, மான் எப்போது எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், மணலில் பதிந்த கால் சுவடு எத்தனை நாழிகைக்கு முந்தியது என்பதெல்லாம் அவருக்குப் பள்ளிப் பாடத்துக்கு முன் மனப்பாடம். பின்னாளில் அவர் உயிரைப் பல முறை காப்பாற்றியது இந்தப் படிப்புதான். துப்பாக்கி இரண்டாம் பட்சம்.

மொகாமா காட்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மேலே படிக்கப் பணமில்லை. பதினேழு பதினெட்டு வயதில் பெங்கால் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் தற்காலிக எரிபொருள் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. அக்காலத்தில் அந்த ரயில்வேயின் என்ஜின்கள் விறகில் ஓடின. காட்டில் கூலியாட்களுடன் கூடாரம் அடித்துத் தங்கி, மரம் வெட்டி ரயிலடிக்கு அனுப்ப வேண்டும். சம்பளம் மாதம் 100 ரூபாய். பிறகு என்ஜின்களுக்கு நிலக்கரி வந்தது, வேலை போயிற்று. கணக்கை நேர்மையாக ஒப்படைத்த பையனை மேலதிகாரி கைவிடவில்லை. சரக்கு ரயில் கார்டு, ஸ்டோர் உதவியாளர், உதவி ஸ்டேஷன் மாஸ்டர் என்று பல வேலைகளில் சிறிது சிறிது காலம் ஓட்டிய பின், கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் காண்டிராக்ட் அவரிடம் வந்தது. அப்போது வயது சுமார் இருபத்தொன்று.

அந்த வேலை என்னவென்று நம் பக்கத்து ரயில்வே ஊழியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1976-ல் திருவனந்தபுரத்துக்கு அகல ரயில் பாதை வந்து சேரும் வரை இந்தப் பக்கத்தில் ஓடியது மீட்டர் கேஜ். இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு வண்டியின் சரக்கை மனிதர்கள் தலையில் சுமந்து மற்ற வண்டிக்கு மாற்றியாக வேண்டும். மொகாமா காட்டில் ஒரு புறம் அகலப் பாதை, மறுபுறம் மீட்டர் கேஜ், நடுவில் கங்கையைக் கடக்கும் படகுகள். ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் சரக்கு. கிரேன் கிடையாது, மின்சாரம் கிடையாது. மனிதத் தலையும் மண்வெட்டியும் கூடையும்தான்.

முதல் மாதங்களில் பகல் முழுவதும் கணக்கும் மேற்பார்வையும் பார்த்து விட்டு, இரவில் கார்பெட்டும் மண்வெட்டி எடுத்துக் கூலியாட்களோடு நிலக்கரி வாரினார். ரயில்வேயிலிருந்து பணம் வந்து சேர மாதக்கணக்கில் தாமதமாயிற்று. ஆட்களுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் போய், காண்டிராக்டரும் கூலியாட்களும் ஒரே மாதிரி அரை வயிறாகக் கிடந்தனர். கடைசியில் வேலை நின்று விடும் என்று தந்தி கொடுத்த பிறகே வெள்ளி ரூபாய் மூட்டை போலீஸ் காவலோடு ரயிலில் வந்து இறங்கியது. பட்டுவாடா தாமதத்தால் கூலியாள் பட்டினி கிடப்பது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

இந்த மொகாமா காட் வாழ்க்கையை அவர் பிற்காலத்தில் 'என் இந்தியா' என்ற நூலில் எழுதினார். அதில் வருகிறவர்கள் மகாராஜாக்கள் அல்ல. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்து, அவருடைய ஆட்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்து, காலராவில் மாண்ட சாமாரி. பாட்டன் வாங்கிய கடனுக்காக மூன்றாம் தலைமுறையிலும் வட்டிக்காரனுக்கு உழைத்துக் கொண்டிருந்த புத்து. புத்துவின் கடனைக் கார்பெட் வக்கீல் மூலம் தீர்த்து வைத்துப் பத்திரத்தை அவன் கையில் கொடுத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணும் கார்பெட்டும் சேர்ந்து தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். முதலில் இருபது பிள்ளைகள். மேல் சாதிப் பிள்ளையும் கீழ் சாதிப் பிள்ளையும் ஒரே வீட்டுக்குள் உட்காரக் கூடாது என்று தகராறு வந்தது. ராம் சரண் கட்டடத்தின் சுவர்களை எடுத்து விட்டார். சுவர் இல்லாமல் கூரை மட்டும் இருந்தால் அது வீடு அல்ல, கொட்டகை. கொட்டகையில் யாரும் உட்காரலாம்! தகராறு தீர்ந்தது. பள்ளி இருநூறு பிள்ளைகள் வரை வளர்ந்து, பிற்பாடு சர்க்கார் அதை ஏற்றுக் கொண்டது. சாஸ்திரத்தை எதிர்த்துக் கொண்டிராமல் சுவரை இடித்த அந்த ஸ்டேஷன் மாஸ்டரின் யுக்தியை எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வரும்.

சுமார் இருபது ஆண்டுகள் கார்பெட்டுக்கு இதுதான் உத்தியோகம். லீவு கிடைக்கும்போது நைனிடால் போவார். உலகம் அறிந்த புலி வேட்டைகளில் முதன்மையான சில, இந்த ரயில்வே லீவு நாட்களில் நடந்தவை.

மூன்று தோட்டாக்கள்

1907-ம் ஆண்டு. குமாவுன் மலைப் பகுதியில் சம்பாவத் என்ற ஊரைச் சுற்றி ஒரு பெண் புலி மனிதர்களைத் தின்று வந்தது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்ற பின் துரத்தப்பட்டு இந்தியாவுக்குள் வந்தது என்றும், மொத்தம் 436 உயிர்களைக் குடித்தது என்றும் கணக்கு. அதைச் சுட வர வேண்டுமென்று சர்க்கார் அதிகாரி கார்பெட்டைக் கேட்டுக் கொண்டார். அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். பரிசுத் தொகை அறிவிப்பை ரத்துச் செய்ய வேண்டும். காட்டில் திரியும் மற்றத் துப்பாக்கிக்காரர்களைத் திரும்ப அழைத்துக் கொள்ள வேண்டும். பணத்துக்காகச் சுடுகிறவன் என்ற பெயர் வேண்டாம் என்பது ஒன்று. புதருக்குள் ஊர்ந்து போகும்போது தன்னையே யாராவது புலி என்று சுட்டு விடக் கூடாது என்பது மற்றொன்று.

தாசில்தார் திரட்டிக் கொண்டு வந்த முந்நூறு பேர் அளவிலான கூட்டம் மலை உச்சியிலிருந்து கொட்டும் சத்தமுமாகப் புலியைக் கலைத்தது. கார்பெட்டின் கையில் மூன்றே தோட்டாக்கள். அவற்றைச் சுட்டு முடித்த பின்னும் காயம்பட்ட புலி எதிரே நின்றது. ஓடிப் போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து, சில கஜ தூரத்தில் நின்று அதன் வாயைக் குறி பார்த்துச் சுட்டார். குண்டு வாயில் படவில்லை, முன்னங்காலில் பட்டது. முன்பே பட்ட காயங்களால்தான் புலி விழுந்து இறந்தது.

இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் முக்கியமான சங்கதி தெரிந்தது. வலப் பக்கத்துக் கோரைப் பற்கள் உடைந்து போயிருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் காரணம். மானைக் கடித்துக் கொல்லும் சக்தி போனதால் புலி மனிதனைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. என்றோ ஒருவன் சரியாகக் குறி பார்க்காமல் சுட்டான். அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். அவன் தவறவிட்ட சில அங்குலத்துக்கு 436 பேர் விலை கொடுத்தார்கள். பின்னாளில் கார்பெட் சுட்ட ஆட்கொல்லிகள் பலவற்றிலும் இதே கதைதான். பழைய குண்டுக் காயம், அல்லது முள்ளம்பன்றியின் முள் தைத்த புண்.

ஆகவே குறி பார்ப்பது என்பது வேட்டைக்காரனின் கெட்டிக்காரத்தனம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. சுட்டால் அந்த இடத்திலேயே விழ வேண்டும். இல்லாவிட்டால் சுடக் கூடாது.

கண்ணாடிக் கணக்கு

சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாண லெப்டினென்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் கார்பெட்டுக்கு ஒரு துப்பாக்கி பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275 ரைபிள். கையில் தூக்க இலேசானது. கட்டையில் கார்பெட்டின் பெயர் பொறித்த வெள்ளித் தகடு. இதைத் தவிர, கனமான .450/400 இரட்டைக் குழல் ரைபிள் ஒன்றும் அவரிடம் இருந்தது. ரிக்பியில் குறி பார்க்க இருந்தது பழைய முறைதான். குழலின் முனையில் ஒரு சிறு மணி, கண்ணுக்கு அருகே ஆங்கில 'வி' எழுத்துப் போன்ற ஒரு வெட்டு. வெட்டுக்குள் மணி தெரிய, மணியின் மேல் மிருகம் தெரிய வேண்டும். அவ்வளவே.

அக்காலத்தில் தொலைநோக்கி இல்லையா? இருந்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கிகள் கடைக்கு வந்து விட்டன. முதல் உலகப் போரில் மறைந்திருந்து சுடும் சிப்பாய்கள் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். மலை ஆடு வேட்டைக்குச் செல்பவர்களுக்கும் அவை உபயோகமானவை. பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் நிற்கும் ஆட்டை வெறுங்கண்ணால் சரியாகப் பார்க்கக் கூட முடியாது.

புலி, காட்டெருமை, யானை விஷயம் வேறு. அவற்றை மனிதன் சந்திப்பது பெரும்பாலும் புதருக்குள், சில கஜ தூரத்தில். நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும் தொலைநோக்கியில் நூறு கஜத்தில் சுமார் முப்பது அடி அகலம்தான் கண்ணுக்குத் தெரியும். பெரிதாக்காமல் ஒரு மடங்காகவே காட்டும் கண்ணாடியில் நூறு அடி வரை தெரியும். எட்டு மடங்கு என்றால் பதினைந்து அடி கூடத் தேறாது. இப்போது எட்டடி தூரத்தில் புலி நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நான்கு மடங்குக் கண்ணாடியில் தெரிவது ஒரு சாண் அகலம். அந்த ஒரு சாணில் மங்கலான மஞ்சள் மயிர் தெரியும். அது தோளா, வயிறா, பக்கத்தில் உள்ள காய்ந்த புல்லா என்று யோசிக்கும் நேரத்தில் காரியம் முடிந்திருக்கும்.

வேறு சங்கடங்களும் உண்டு. தொலைநோக்கிக்கும் கண்ணுக்கும் மூன்று நான்கு அங்குல இடைவெளி சரியாக இருந்தால்தான் உருவம் தெரியும். கொஞ்சம் விலகினால் இருட்டு. பெரிய மிருகத்துக்கான துப்பாக்கி உதைக்கும் உதையில் கண்ணாடியின் விளிம்பு புருவத்தைக் கிழித்து விடும். மேட்டில் ஓடி வந்தவனுக்குக் கை நடுங்கும். கண்ணாடி மிருகத்தைப் பெரிதாக்குவது போலவே நடுக்கத்தையும் பெரிதாக்கும்.

வெளிச்சக் கணக்கு இதைவிடச் சுவாரசியமானது. முன் கண்ணாடியின் குறுக்களவை எத்தனை மடங்கு என்ற எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக் கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மில்லிமீட்டர் கண்ணாடி நான்கு மடங்கு காட்டினால் 8 மில்லிமீட்டர். அதே கண்ணாடி எட்டு மடங்கு காட்டினால் 4 மில்லிமீட்டர். இருட்டில் வாலிபனின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். வயதானால் அவ்வளவு விரியாது. எனவே மங்கிய மாலையில் மடங்கு கூடக் கூட உருவம் கருக்கும். ஆட்கொல்லிகள் வெளியே வருவதோ பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்.

இன்றும் ஆப்பிரிக்காவில் யானை, எருமை வேட்டைக்கு வழி காட்டுவோர், கண்ணாடி வேண்டுமென்றே அடம் பிடிப்பவர்களுக்கு ஒன்று முதல் நான்கு மடங்கு வரை மாற்றக் கூடியதைச் சிபாரிசு செய்து, புதருக்குள் நுழையுமுன் அதை ஒன்றில் வைக்கச் சொல்கிறார்கள். ஒன்று என்றால் வெறுங்கண்ணுக்குச் சமம். இரண்டு கண்ணும் திறந்தபடி சுடலாம். வயதாகிப் பார்வை மங்கியவர்களுக்கு இது உதவி என்பதையும் மறுப்பதற்கில்லை. தூரத்தில் உள்ள மணியும் அருகே உள்ள வெட்டும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவது நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கஷ்டம். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு லெட்ஜர் எழுதும் குமாஸ்தாக்களுக்கு இது புரியும்.

கையில் இரண்டு முட்டை

சௌகட் என்ற பகுதியில் 64 பேரைக் கொன்ற பெண் புலியைக் கார்பெட் 1930 ஏப்ரல் 11-ந் தேதி சுட்டார். அவருக்கு அப்போது வயது 54. இரண்டு ஆட்களோடு ஒரு வறண்ட ஓடையில் இறங்கிக் கொண்டிருந்தார். வழியில் ஒரு பறவையின் முட்டைகள் இரண்டு கிடந்தன. பறவை முட்டை சேகரிப்பது அவர் வழக்கம். பாசியில் பொதிந்து இடது கையில் எடுத்துக் கொண்டார். வலது கையில் ரிக்பி, மார்புக்குக் குறுக்கே.

பெரிய பாறை ஒன்றைச் சுற்றி மணலில் சத்தமில்லாமல் இறங்கியவர், வலத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். எட்டடியில் புலி படுத்திருந்தது, அவர் முகத்தையே பார்த்தபடி!

துப்பாக்கியின் வாய் வேறு திசையில் இருந்தது. முக்கால் வட்டம் திருப்ப வேண்டும். சட்டென்று திருப்பினால் புலி பாயும். முட்டையைக் கீழே போட்டாலும் அசைவு தெரியும். ஒரே கையால், கடிகார முள் நகருவது போல, அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். கை நீளுமட்டும் நீண்டு, நோவெடுத்து, துப்பாக்கியின் முனை புலியின் உடம்புக்கு நேராக வந்ததும் விசையை அழுத்தினார். புலி இருந்த இடத்திலேயே தலை சாய்ந்தது. கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் ஒரு கை தாங்கியிராது. தொலைநோக்கி இருந்திருந்தாலும் பயன் ஒன்றுமில்லை. நீட்டிய கையில் உள்ள துப்பாக்கியின் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைக் கொண்டு போவது எப்படி?

கையில் இருந்த முட்டைகளைத் திரும்பக் கொண்டு போய்க் கூட்டு இடத்திலேயே வைத்தார். தாய்ப் பறவை திரும்பி வந்து அடை காத்தது.

கேதார யாத்திரை வழியில்

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை போய் வந்தவர்கள் ருத்ரப்பிரயாகையைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். அலகநந்தாவும் மந்தாகினியும் கூடும் இடம். 1918 முதல் 1926 வரை அந்த வழியில் இரவு நேரத்தில் கதவைத் திறக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஒரே ஒரு சிறுத்தை, சர்க்கார் கணக்குப்படி 125 பேரைக் கொன்றது. சத்திரங்களில் தூங்கிய யாத்ரீகர்களும் அதில் அடக்கம். அதன் கதை உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளியாயிற்று.

1925-ல் கார்பெட் பல வாரங்கள் முயன்று தோற்றுத் திரும்பினார். மறு ஆண்டு மீண்டும் வந்தார். யாத்திரை வழி ஓரத்தில் குலாப்ராய் என்ற இடத்தில் மாமரத்தின் மேல் பல இரவுகள் காத்திருந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. துப்பாக்கியில் ஒரு டார்ச் விளக்கு. 1926 மே 2-ந் தேதி இரவு ஆட்டின் மணி கலகலத்தது. விளக்கைப் போட்டார். ஒளி நேராகச் சிறுத்தையின் தோளில் விழுந்தது. துப்பாக்கியை ஒரு நூல் கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. விசையை அழுத்தினார், விளக்கும் அணைந்தது. சுட்டது பட்டதா இல்லையா என்று தெரியாமல் விடியும் வரை மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்த பின், சரிவில் கிடந்தது கிழட்டு ஆண் சிறுத்தை. ஆட்டுக்கு ஒரு கீறலும் இல்லை!

ஒரே நொடி வெளிச்சம். அந்த நொடிக்குள் மணியும் வெட்டும் மிருகமும் ஒரே நேரில் தெரிந்தன. வட்டக் கண்ணாடிக்குள் சிறுத்தை எங்கே என்று தேட அந்த இரவு அவகாசம் தரவில்லை.

அவர் கடைசியாகச் சுட்ட ஆட்கொல்லி, தாக் என்ற கிராமத்துப் பெண் புலி. 1938 நவம்பர் 30. அவருக்கு வயது 63. அன்று மாலையோடு முயற்சியை விட்டு விட்டுத் திரும்புவது என்று முடிவு செய்திருந்தார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் புலியின் குரலைத் தாமே எழுப்பி, பதிலுக்குப் பதில் கூப்பிட்டு, அதைத் தம் எதிரே வரவழைத்து, இரட்டைக் குழல் ரைபிளால் மிக அருகில் சுட்டார். ரைபிளின் உதையில் பாறை விளிம்பிலிருந்து கீழே நின்ற தம் ஆட்களின் மேல் விழுந்தார்! இந்தப் புலியின் உடம்பிலும் ஆறாத பழைய குண்டுக் காயங்கள் இருந்தன.

நம் பக்கத்தில் இதே காலத்தில் பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன், தளி, பென்னாகரம், சேகூர்க் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்தார். அவரும் .405 வின்செஸ்டர் ரைபிளில் டார்ச்சைப் பொருத்திக் கொண்டு போனவர்தான். அவர் கதை தனியே எழுத வேண்டியது.

துப்பாக்கிக்குப் பதில் காமிரா

முதல் உலகப் போரின்போது, 1917-ல், கார்பெட் ஐந்நூறு குமாவுன் மலைவாசிகளைத் தொழிலாளர் படையாகத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துப் போனார். ஒருவரைத் தவிர அத்தனை பேரையும் உயிரோடு ஊருக்குத் திருப்பிக் கொண்டு வந்தார். மொகாமா காட்டில் இருபது ஆண்டு மூட்டைக்காரர்களுடன் பழகியவருக்கு, ஆட்களை எப்படிக் காப்பது என்பது தெரிந்திருந்தது.

1915-ல் காலாதுங்கி அருகே சோட்டி ஹல்த்வானி என்ற நிலத்தை வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றினார். காட்டுப் பன்றி பயிரை அழிக்காமல் இருக்கக் கிராமத்தைச் சுற்றி மதில் எழுப்பினார். அந்த மதிலின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன.

1920-களின் கடைசியிலிருந்து துப்பாக்கியை விடச் சினிமாக் காமிரா அவருக்குப் பிரியமாயிற்று. ஓடைக் கரையில் மறைவிடம் அமைத்து, மாதக்கணக்கில் பழக்கி, ஒரே இடத்தில் ஏழு புலிகளைப் படம் பிடித்தார். புலியை அருகே காட்டும் கண்ணாடியை அவர் விரும்பியது அப்போதுதான்! காடு காலியாகி விடும் என்று பள்ளிப் பிள்ளைகளிடமும் சர்க்காரிடமும் ஓயாமல் சொல்லி வந்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அந்தப் பகுதியில் ஏற்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. ஹெய்லி பூங்கா என்று பெயர் பெற்ற அது, அவர் மறைவுக்குப் பின் கார்பெட் பெயரைத் தாங்கியது. 1973-ல் புலிப் பாதுகாப்புத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கி வைத்ததும் அங்கேதான்.

1944-ல் 'குமாவுன் ஆட்கொல்லிகள்' வெளிவந்து உலகம் முழுவதும் புகழ் பரப்பியது. 1947 நவம்பரில், எழுபத்திரண்டு வயதில், சகோதரி மாகியுடன் இந்தியாவை விட்டுக் கென்யாவுக்குப் போய் விட்டார். திருமணமே செய்து கொள்ளாத இருவரும், நாடு மாறிய பின் தங்களுக்கு இங்கே என்ன இடம் என்று அஞ்சியதாகச் சொல்வார்கள். தாம் பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்கப் போனவரின் மனம் எப்படி இருக்கும் என்பதை வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் எழுதிய நூல்களில் பெரும்பாலானவை கென்யாவில் நியேரி என்ற ஊரில் இருந்தபடி இந்தியாவை நினைத்து எழுதியவை. சோட்டி ஹல்த்வானி நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டு விட்டார். அவர்களுக்காக நில வரியை வெளிநாட்டிலிருந்தும் கட்டி வந்தார்.

1952 பிப்ரவரியில், கென்யாவில் மரத்தின் மேல் கட்டிய 'ட்ரீ டாப்ஸ்' விடுதியில் இளவரசி எலிசபெத் தங்கிய இரவு, காவலுக்கு ஏணியருகே இருந்தவர் கார்பெட். அந்த இரவில்தான் லண்டனில் மன்னர் காலமாகி, இளவரசி ராணியானார். 1955 ஏப்ரல் 19-ந் தேதி கார்பெட் நியேரியில் காலமானார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து கிழக்கே பார்த்தால் அகஸ்தியர் மலை தெரிகிறது. அதன் அடியில் நெய்யாறு சரணாலயம். 1972-ம் ஆண்டு வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் புலி வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஊருக்குள் புகும் புலிக்கும் யானைக்கும் வனத்துறையினர் எடுத்துச் செல்வது பெரும்பாலும் மயக்க ஊசித் துப்பாக்கி. அதுவும் சில பத்து கஜத்துக்குள் நெருங்கிச் சுட வேண்டியதே. தொடையிலோ தோளிலோ சதைப் பற்றான இடத்தில் ஊசி தைக்க வேண்டும். தவறினால் மிருகமும் போகும், ஆளும் போவான். 436 பேர் செத்த கணக்கின் ஆரம்பம் அங்கேயும் அதே சில அங்குலம்தான்.

கார்பெட்டின் ரிக்பி துப்பாக்கி அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தாரிடம் பல காலம் இருந்தது. 2015-ல் ரிக்பி கம்பெனியார் அதைத் திரும்ப வாங்கினர். 2016-ல் ஒரு முறை இந்தியாவுக்கும் கொண்டு வந்து காட்டினார்கள். கட்டையில் வெள்ளித் தகடு அப்படியே இருக்கிறது. குழலின் மேல் தொலைநோக்கி எதுவும் இல்லை. முனையில் ஒரு மணி, பின்னால் ஒரு வெட்டு.